ஆண்டியப்பன் பேசாத பேச்சு

பேராதனை
02.02.2025

அன்புள்ள பிரேமிளா,

இந்தப் பொதிக்குள் இருப்பது நம் ஊர் வரலாற்றின் நான்காம் அத்தியாயம். வவுனியா அச்சகத்திலிருந்து நேற்றுத்தான் அச்சுப்படி வந்தது. யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் கொண்டக்டர் வீரபாகுவிடம் கொடுத்துவிடுகிறேன், மாங்குளம் சந்தியில் எடுத்துக்கொள்ளும். வன்னியில் போன் இல்லாத காலத்தில் பழகிய பழக்கம், விட முடியவில்லை. தவிர, போனில் கதைத்தால் நீர் என்னை ஒரு வசனமும் முடிக்க விடமாட்டீர்.

"தம்பி, நீங்கள் கிரேக்கம் ரோம் எல்லாம் படிப்பிக்கிறியள், எங்கட ஊரையும் ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்று ஊர் விவசாயிகள், கமக்காரர் அமைப்பில் கேட்டபோது சிரித்துக்கொண்டு ஓம் என்றேன். இப்போது முழி பிதுங்குகிறது. அதென்ஸ் நகரத்தைப் பற்றி என்ன எழுதினாலும் செத்தவர்கள் எழும்பி வந்து சண்டை பிடிக்கமாட்டார்கள். கண்டாவளைப் பக்கத்து ஒரு வாய்க்காலைப் பற்றி எழுதினால் பிடிப்பார்கள்.

நான்காம் அத்தியாயம் 1982 சிறுபோகக் கூட்டம். உமக்குத் தெரியாததில்லை, ஆனாலும் புத்தகத்துக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிப் பழகிவிட்டேன். கோடையில், சிறுபோகத்துக்கு, இரணைமடுக் குளத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் இராது. எந்த வயலுக்குப் பங்கு, எந்த வயலுக்கு இல்லை என்று கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டங்களை விட்டு ஓடிவந்த உங்கள் ஆட்கள் வாய்க்காலின் கடைசியில் காடு வெட்டி வயல் ஆக்கியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை. அடுத்த வருடக் கூட்டத்தில் இருந்தது. நடுவில் என்ன நடந்தது? கூட்டக் குறிப்புகள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. அப்போது வட்டவிதானையாய் இருந்து தண்ணீர் பங்கிட்டவர் என் அப்பா தில்லைநாதன். அவரும் போய்விட்டார்.

ஆகவே நம் அதென்ஸ்காரரின் வித்தையைக் கையில் எடுத்தேன். ஞாபகம் இருக்கிறதா, கம்பஸில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து படித்தோமே, தோற்றுப்போன தளபதி, ஊரை விட்டுத் துரத்தப்பட்ட இடத்தில் இருந்து தன் ஊரின் போரை எழுதியவர். பேச்சுகளைச் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருக்க முடியவில்லை, அந்தந்த நேரத்துக்கு எது பேசவேண்டியிருந்ததோ அதை எழுதினேன் என்று அவரே ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். நானும் அப்படியே, அந்தக் கூட்டத்தில் பேசியதாய், உம்முடைய அப்பா ஆண்டியப்பன் ஐயாவுக்கு ஒரு பேச்சு எழுதியிருக்கிறேன். "நாங்கள் இந்த மண்ணுக்குப் புதியவர்கள், ஆனால் வியர்வைக்குப் புதியவர்கள் அல்லர்" என்று தொடங்கும். "தயவுகூர்ந்து எங்கள் வயல்களுக்கும் நீர் தாருங்கள்" என்று முடியும். எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

சித்திரை வருடப் பிறப்புக்கு வெளியீடு. அன்று ஆண்டியப்பன் ஐயாவுக்குப் பொன்னாடை போர்த்தி, அந்தப் பேச்சை மேடையில் வாசிப்பதாக ஏற்பாடு. ஐயாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டு எழுதும். பாராட்டு நீளமாய் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன்.

யோகன்

---

துணுக்காய்
11.02.2025

திரு. யோகலிங்கம் அவர்களுக்கு,

அத்தியாயம் கிடைத்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கதிரையை விட்டு எழும்பி வெளியே வளவுக்குள் போய் நின்றுகொண்டார். அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த நாளும் பேருக்கு இரண்டு வாய். என்ன அப்பா என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, வயிறு ஒரு மாதிரி" என்கிறார். வயிறு இல்லை என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் எழுதிய பேச்சை என் அப்பா பேசவில்லை. எதையுமே பேசவில்லை. எனக்கு அப்போது ஏழு வயது. நானும் அங்கே நின்றேன். பள்ளிக்கூட மண்டபத்துக்கு வெளியே, யன்னல் பக்கம். காணி அனுமதிப் பத்திரம் உள்ளவர்கள் மட்டும்தான் உள்ளே வாங்கில் இருக்கலாம், கை உயர்த்தலாம். எங்கள் ஆட்கள் எல்லாரும் யன்னலோடு. உள்ளே நடப்பது எனக்குத் தெரியவில்லை என்று அப்பா என்னைத் தூக்கி வைத்திருந்தார். உள்ளே உங்கள் அப்பா மேசைக்குப் பின்னால் இருந்து ஒவ்வொரு வயலாய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வயல்கள் வரவில்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். ஒருவர் எங்களைப் பார்த்து "என்ன, படம் பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டுச் சிரித்தார். அப்பா என்னை இறக்கிவிட்டார். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

இதுதான் நடந்தது. இதற்கு மேல் நீங்கள் ஒரு அழகான பேச்சைப் போட்டு மூடியிருக்கிறீர்கள். பேச்சு இருந்தால் கேட்டவர்களும் இருந்தார்கள் என்று ஆகும். ஆண்டியப்பனை உள்ளே கூப்பிட்டார்கள், மரியாதையாய்க் கேட்டார்கள், மனம் இரங்கினார்கள் என்று நாளைக்குப் பிள்ளைகள் படிப்பார்கள். என் அப்பாவுக்கு ஒரு பேச்சைக் கொடுத்து, உங்கள் அப்பாவின் வெட்கத்தை எடுத்துவிட்டீர்கள். கொடுத்தது யாருக்கு, எடுத்தது யாருக்காக?

அதென்ஸ்காரரை ஏன் இதற்குள் இழுத்தீர்கள்? அவருடைய புத்தகத்தில் தளபதிகள் பேசுகிறார்கள், தூதர்கள் பேசுகிறார்கள். அடிமைகள் பேசுவதில்லை. அது ஏன் என்று இந்தக் காலத்து ஆய்வாளர்கள் கேட்கிறார்கள், யார் பேசவில்லை என்று பார்த்தால்தான் அந்த ஊர் எப்படிப்பட்டது என்று விளங்கும் என்கிறார்கள். இதை இறுதி ஆண்டில் கட்டுரையாய் எழுதி முதல் வகுப்பு வாங்கியது நான் அல்ல, நீங்கள். அந்த மனிதர் குறைந்தபட்சம் பேசாதவர்களைப் பேசாமல் விட்டார். அவருடைய மௌனம் உங்கள் பேச்சை விட உண்மையாய் இருக்கிறது.

வெளியீட்டுக்கு அப்பா வரமாட்டார். பேசாத பேச்சுக்குப் பொன்னாடை போர்த்திக்கொண்டு, அந்த மண்டபத்திலேயே, அந்த ஆட்களின் பிள்ளைகளுக்கு முன்னால் அவரைக் கதிரையில் இருத்த நான் விடமாட்டேன். பேச்சை எடுத்துவிடுங்கள். போன் எடுக்க வேண்டாம், நான் பதில் சொல்லமாட்டேன்.

இன்னொன்று. என் அப்பா வாழ்க்கையில் ஒரு நாளும் 'வியர்வை' என்று சொன்னதில்லை. வேர்வை என்றுதான் சொல்லுவார்.

பிரேமிளா ஆண்டியப்பன்

---

பேராதனை
15.02.2025

பிரேமிளா,

முப்பது வருடமாய் என்னை 'நீர்' என்று ஏசுகிற ஆள் 'நீங்கள்' என்று எழுதினால் எப்படி இருக்கும் என்று உமக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்.

உம்முடைய கடிதம் வந்தவுடன் ஒரு பதில் எழுதினேன். அதில் என் பக்கத்து நியாயம் எல்லாம் இருந்தது. அதென்ஸ்காரரின் பேச்சுகள் நடந்தவையா கற்பனையா என்று ஆய்வாளர்கள் இரண்டு கட்சியாய் நின்று நூறு வருடமாய் அடிபடுகிறார்கள், அதில் ஒரு கட்சி என்னை மன்னிக்கும் என்று நாலு பக்கம். அதைக் கிழித்துப் போட்டேன். வாசித்துப் பார்த்தபோது ஒரு பக்கத்திலும் ஐயா இல்லை. சாப்பிடாமல் இருக்கிற ஒரு மனிதருக்கு அடிக்குறிப்புப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். சத்தியமாய். ஆனால் நீர் எழுதிய அந்த ஒரு வசனம், எடுத்தது யாருக்காக என்று, அது எனக்கு நித்திரை தரவில்லை. ஏனென்றால் அது உண்மை. இந்த அத்தியாயத்தைத் தொடங்கிய நாள் முதல் எனக்கு அப்பாவை அந்த மேசைக்குப் பின்னால் வைத்துப் பார்க்க முடியவில்லை. யன்னலுக்கு வெளியே உங்கள் ஆட்கள் நிற்க, தலையைக் குனிந்துகொண்டு பெயர் வாசிக்கிற மனிதர் என் அப்பா என்று எழுதக் கை வரவில்லை. ஐயாவை உள்ளே கூட்டி வந்து பேச வைத்தால் அப்பாவும் தலை நிமிர்ந்து கேட்பார் என்று என் பேனாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

அப்பாவிடம் இதைப் பற்றி ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்லுவாரோ என்று பயம். அந்தச் சிறுபோகம் எனக்கு வேறு விதமாய்த்தான் ஞாபகம். அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று எங்கள் வயல் விதைக்காமல் தரிசாய்க் கிடந்தது. அம்மா அந்தக் கோடை முழுக்க அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. குசினியில் சட்டி பானை உருளும் சத்தம்தான் கேட்கும். முதுகு பிடித்த மனிதரோடு ஏன் கோபம் என்று அப்போது விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை. அதை விடும்.

பேச்சை எடுத்துவிடுகிறேன். அச்சகத்துக்குச் சொல்லிவிட்டேன், நான்காம் அத்தியாயம் நிற்கிறது. ஆனால் அந்த இடத்தில் என்ன எழுதுவது? 'அவர்கள் வெளியே நின்றார்கள்' என்று எழுதலாம். எழுதத்தான் வேண்டும். அடுத்த வருடம் பங்கு எப்படிக் கிடைத்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வெற்றிடமாய் விடுகிறேன்.

ஐயா சாப்பிட்டாரா என்று மட்டும் ஒரு வரி எழுதும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.

யோகன்

---

துணுக்காய்
24.02.2025

யோகன்,

சாப்பிட்டார். நன்றாகச் சாப்பிட்டார். இனிக் கடிதத்தை ஆறுதலாய் வாசியும், நீளம் கூட.

உம்முடைய கடிதத்தை அப்பாவுக்கு வாசிப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் தபால்காரனை விட வீரபாகுவின் வாய் நீளம். "கம்பஸ் தம்பி பெரிசா ஒரு கடிதம் தந்து விட்டவர்" என்று மாங்குளத்தில் அப்பாவுக்குத் தெரிந்த ஆளிடம் சொல்லி, அது வீட்டுக்கு வந்துவிட்டது. "விதானையார் மகன் என்னம்மா எழுதியிருக்காரு?" என்று கேட்டார். வேறு வழியில்லாமல் வாசித்தேன்.

உம்முடைய அப்பாவை மேசைக்குப் பின்னால் வைத்துப் பார்க்க முடியவில்லை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, "அப்ப அவருக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார்.

"எதை அப்பா?"

"அந்தப் பேச்சு... அது அவரா எழுதினதா? விதானையார் எதுவும் சொல்லி வச்சுட்டுப் போகலையா?"

"அவர் தன்ர மண்டையிலயிருந்து எழுதினது, அப்பா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

யோகன், அவர் முகத்தை நீர் பார்த்திருக்க வேண்டும். பெரிய மூச்சு ஒன்று விட்டார். "அடக் கடவுளே, நான் வாக்குத் தப்பிட்டதா ஆயிருச்சோன்னு கெடந்து பதறிட்டேன். ஒரு தேத்தண்ணி போடும்மா" என்றார். நான் நினைத்த மாதிரி அவமானத்தில் சாப்பிடாமல் இருக்கவில்லை. பயத்தில் இருந்திருக்கிறார், உம்முடைய அப்பாவோடு காத்த ஒரு ரகசியம் தன் வாயால் வெளியே போனதாய் ஆகிவிடுமோ என்று.

தேத்தண்ணி குடித்த பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. நீர் என்னை நம்பலாம், நான் அதென்ஸ்காரரின் கட்சி இல்லை.

கூட்டத்துக்கு அடுத்த நாள் விடிய, அப்பா வாய்க்காலடியில் போய் நின்றாராம். உம்முடைய அப்பா தண்ணீர் பார்க்க வந்தார். அப்பா கேட்டது இவ்வளவுதான்: "ஐயா, உள்ள கூப்பிட மாட்டீங்கன்னு தெரியும். அதான் வெளிய வந்து கேக்குறேன். எங்க வயலுக்குத் தண்ணி உண்டா, இல்லையா?"

உம்முடைய அப்பா செருப்பைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, உங்கள் வயலுக்குத் தண்ணீர் போகிற வாயை மண் போட்டு அடைத்தார். அவர் பங்கு முழுவதும் எங்கள் வயல்களுக்கு இறங்கியது. அந்தக் கோடை முழுக்க.

"ஆண்டியப்பன், இது என்ர தண்ணி. என்ர தண்ணியை நான் எங்கயும் விடுவன். நீ ஒருத்தரிட்டயும் கதைச்சுப்போடாதை. தெரிஞ்சால் நாளைக்கு என்னை இந்த வேலையில வைக்கமாட்டாங்கள், பிறகு உங்களுக்கும் ஆள் இல்லை." உம்முடைய அப்பா இப்படிச் சொன்னாராம். அப்பாவும் வாக்குக் கொடுத்தார். என் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மேல் வயல்களிலிருந்து கசிந்த தண்ணீர் என்று இரண்டு பேருமாய் ஊருக்குள் ஒரு கதை கட்டிவிட்டார்கள். எங்கள் வயலில் கதிர் வந்தது. விளைந்து காட்டின வயலை இல்லை என்று சொல்ல அடுத்த கூட்டத்தில் ஒருவராலும் முடியவில்லை. அதுதான் உம்முடைய வெற்றிடம்.

உம்முடைய அப்பாவுக்கு முதுகில் ஒன்றும் இல்லை, யோகன். உம்முடைய அம்மா ஏன் சட்டி பானையை உருட்டினா என்று இப்போது விளங்குகிறதா?

"இத்தனை வருசம் சொல்லாம இருந்தீங்களே, இப்ப ஏன் சொல்றீங்க?" என்று கேட்டேன். வீட்டில் அப்பாவோடு நான் அவருடைய தமிழில்தான் கதைப்பேன், சில நேரம் பள்ளிக்கூடத் தமிழும் வரும். "பெத்த பிள்ளையே அப்பனைப் பத்தி தப்பா நெனச்சுக்கிட்டு இருக்கையில என்னம்மா வாக்கு?" என்றார்.

ஒன்று மட்டும். உம்முடைய அப்பா நல்ல மனிதர். அதை நான் மனமார எழுதுகிறேன். ஆனால் மண்டபத்துக்குள் அவர் வாய் திறக்கவில்லை. இரண்டையும் எழுத வேண்டும். ஒன்றைப் போட்டு ஒன்றை மூடினால் திரும்பவும் 'நீங்கள்' என்று எழுதுவேன்.

பிரேமிளா

---

பேராதனை
02.03.2025

அன்புள்ள பிரேமிளா,

கடிதத்தை விரிவுரை மண்டபத்துக்குப் போகிற வழியில் பிரித்தேன். அதுதான் பிழை. மரத்தடியில் இருந்துவிட்டேன். மாணவர்கள் வந்து "சேர், என்ன செய்யுது?" என்று கேட்டார்கள். என் அப்பாவுக்கு முதுகு வலி இல்லையாம் என்று சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நீர் ரசித்திருப்பீர். அன்று வகுப்பு நடக்கவில்லை.

அழுதேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. எவ்வளவு காலம் ஒரு மனிதரைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன், இறக்கி வைத்தது போல இருக்கிறது.

என் தொழில் புத்தியும் சும்மா இருக்கவில்லை. ஒரு சாட்சியை மட்டும் நம்பக்கூடாது என்று படிப்பிக்கிறவன் நான். அக்காவுக்குப் போன் எடுத்து, அந்தக் கோடை அம்மா ஏன் கோபமாய் இருந்தா என்று கேட்டேன். "அது அப்பா எங்கட தண்ணியை ஆருக்கோ விட்டவராம். ஆருக்கெண்டு அம்மா கடைசிவரைக்கும் சொல்லேல்லை. உனக்குத் தெரியாதோ?" என்றா. வீட்டில் எனக்கு மட்டும்தான் முதுகு வலி சொல்லப்பட்டிருக்கிறது! ஒன்றையொன்று அறியாத இரண்டு வாய்கள் ஒரே கதையைச் சொன்னால் வரலாற்றுக்காரனுக்கு அதை விட என்ன வேண்டும்?

நான்காம் அத்தியாயத்தைப் புதிதாய் எழுதியிருக்கிறேன், இத்துடன் இருக்கிறது. யன்னல், 'படம் பாக்க வந்தனீங்களோ', மேசை, அப்பாவின் குனிந்த தலை, எல்லாம் இருக்கிறது. பிறகு விடிகாலை, வாய்க்கால், ஐயாவின் கேள்வி, வரம்பில் வைத்த செருப்பு. அப்பா மண்டபத்துக்குள் பேசியிருக்கலாம், பேசவில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறேன். அந்த வரியை எழுதக் கஷ்டப்படுவேன் என்று நினைத்தேன். பெரிதாய்க் கஷ்டம் இல்லை. ஒரு மனிதருடைய நல்லது தெரிந்த பிறகு கெட்டதை எழுதுவது சுலபமாய் இருக்கிறது.

பேச்சு போய்விட்டது. பொன்னாடையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஐயாவின் வாக்கு இது, அவருடைய அனுமதி இல்லாமல் ஒரு எழுத்தும் அச்சுக்குப் போகாது. அவர் வேண்டாம் என்றால் புத்தகம் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ஐந்தாம் அத்தியாயத்துக்குத் தாவும். அதென்ஸ்காரருடைய புத்தகமே ஒரு வசனத்தின் நடுவில் நின்றுபோனதுதானே, உலகம் முடிந்துவிடவில்லை.

கேட்டு எழுதும். எதுவானாலும் சரி.

யோகன்

---

துணுக்காய்
09.03.2025

அன்புள்ள யோகன்,

வாசித்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து நிறுத்தினால், "ம், சொல்லு" என்றார். செருப்பு வருகிற இடத்தில், "ஆமா, வரம்புலதான் வச்சாரு. சரியாப் போட்டிருக்காரு" என்றார். மேசை வருகிற இடத்தில் கண்ணைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். முடிந்ததும், "எழுதட்டும். ரெண்டு பேரும் ஒளிச்சு வச்சது போதும்" என்றார். ஆகவே அனுமதி கிடைத்துவிட்டது, அச்சகத்துக்குச் சொல்லும்.

இனித்தான் முக்கியமான விஷயம். அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டு, "அந்த மொத பேச்சு எங்கம்மா?" என்று கேட்டார்.

"அதை யோகன் எடுத்துட்டார்பா."

"ஏன் எடுத்தாரு? அதுவும் இருக்கட்டுமே. நல்லாத்தானே இருந்துச்சு."

நான் உம்மோடு சண்டை பிடித்து, போனை எடுக்காமல் இருந்து, இவ்வளவும் செய்தது அந்தப் பேச்சுக்காக! "அப்பா, அது நீங்க பேசாதது" என்றேன்.

"பேசலைன்னு கீழ ஒரு குறிப்பு போட்டுறச் சொல்லு. 'ஆண்டியப்பன் இதைப் பேசலை, பேச விடலை'ன்னு. ஆனா அன்னிக்கு யன்னலுக்கு வெளிய உன்னையத் தூக்கிக்கிட்டு நிக்கையில எனக்கு உள்ளுக்குள்ள ஓடுனது கிட்டத்தட்ட அதுதாம்மா. அவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சோ."

அந்த நேரத்துக்கு எது பேசவேண்டியிருந்ததோ அது. நூறு வருடமாய் உங்கள் ஆய்வாளர்கள் அடிபடுகிற விஷயத்தில் அப்பா எந்தக் கட்சி என்று நீரே பார்த்துக்கொள்ளும். எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல், ஒத்துக்கொள்கிறேன்.

வெளியீட்டுக்கு வருகிறார். உள்ளே கதிரையில் இருப்பாராம், பொன்னாடை வேண்டாமாம். பேச்சை மேடையில் நீர் வாசிக்கக் கூடாது, நான் வாசிக்க வேண்டுமாம். முந்தின நாளே இங்கே வந்துவிடும். குளத்து மீன் குழம்பு வைக்கிறேன், சேர்ந்து போகலாம்.

பேச்சில் ஒரே ஒரு திருத்தம் சொல்லியிருக்கிறார். 'வியர்வை' இருந்துவிட்டுப் போகட்டுமாம். கடைசி வரிதான். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"கடைசியில 'தயவுகூர்ந்து'ன்னு ஒண்ணு வருது பாரு. அதை எடுத்துறச் சொல்லு. அது மட்டும் அன்னிக்கு என் மனசுல இல்லை."

பிரேமிளா